எண் ஒன்றுடையது, இறக்கை இன்னொன்றுடையது: மூன்று ஹாலிஃபாக்ஸ் விமானங்களை முன்வைத்து

பிரிட்டனில் மொத்தம் 6,176 ஹாலிஃபாக்ஸ் குண்டுவீச்சு விமானங்கள் கட்டப்பட்டன. போர் முடிந்த பிறகு ஒவ்வொன்றாகக் காயலான் கடைக்குப் போய்ச் சேர்ந்தன. பின்னால் வருகிறவர்கள் பார்க்கட்டும் என்று ஒன்றைக்கூட யாரும் முழுசாக எடுத்து வைக்கவில்லை. அதே காலத்தில் அதே வேலையைச் செய்த லங்காஸ்டரில் 7,377 கட்டினார்கள். அதில் இரண்டு இன்றைக்கும் பறக்கின்றன, ஒன்று பிரிட்டனில், இன்னொன்று கனடாவில். ஹாலிஃபாக்ஸுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை.

ஆனால் இப்போது ஹாலிஃபாக்ஸ் பார்க்க வேண்டும் என்றால் மூன்று இடங்களுக்குப் போகலாம்: லண்டன் ஹெண்டனில் உள்ள அரச விமானப்படை அருங்காட்சியகம், யார்க்ஷயரில் எல்விங்டன், கனடாவின் ஒன்டாரியோவில் ட்ரெண்டன். ஒன்றுமே மிஞ்சாத இடத்தில் மூன்று எப்படி முளைத்தது? அந்தக் கதை ஏற்கெனவே பலர் எழுதியதுதான். சாகசம், விடாமுயற்சி, தன்னார்வலர்களின் உழைப்பு, எல்லாம் உண்மை. எனக்கு இங்கே வேறு ஒரு கேள்வி. 'பழைய விமானத்தைக் காப்பாற்றுவது' என்றால் என்ன என்பதற்கு இந்த மூன்று இடங்களும் மூன்று விதமாகப் பதில் சொல்லியிருக்கின்றன. மூன்றும் ஒரே நேரத்தில் சரியாக இருக்க முடியாது. எது எங்கே சரி, எது எங்கே சறுக்குகிறது என்று பார்ப்பதுதான் இந்தக் குறிப்பு.

எண்தான் ஆள்

முதலில் ஒரு அடிப்படை விஷயம். வெளியிலிருந்து பார்க்கிற நமக்கு விமானம் என்பது ஒரு ரகம். ஸ்பிட்ஃபயர், ஹரிகேன், ஹாலிஃபாக்ஸ், அவ்வளவுதான். பழைய விமானப் பித்துப் பிடித்தவர்களுக்கு அப்படி இல்லை. ஒவ்வொன்றும் தனி ஆள். அந்த ஆளுடைய பெயர், உடற்பகுதியில் வால் பக்கமாக எழுதியிருக்கும் தொடர் எண். ஓர் எழுத்தும் நான்கு இலக்கமும், இல்லையென்றால் இரண்டு எழுத்தும் மூன்று இலக்கமும். எண்களை விட்டுவிட்டுத்தான் கொடுத்தார்கள். எதிரி எண்ணைப் பார்த்து மொத்த உற்பத்தியைக் கணக்குப் போட்டுவிடக் கூடாது என்பதற்காக நடுநடுவே வேண்டுமென்றே இடைவெளி.

எண் கையில் கிடைத்துவிட்டால் ஜாதகம் எழுத ஆரம்பித்துவிடலாம். ஃபார்ம் 78 என்கிற நகர்வு அட்டை, அந்த விமானம் எந்தப் பிரிவுக்கு எப்போது போனது என்று சொல்லும். விபத்து என்றால் ஃபார்ம் 1180. படைப்பிரிவு அன்றாடம் என்ன செய்தது என்பதற்கு ஃபார்ம் 540, 541 ஆகிய பதிவேடுகள். இவை லண்டன் கியூவில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் 'ஏர் 27' என்ற வரிசையில் இருக்கின்றன. யார் ஓட்டினார், எத்தனை மணிக்குக் கிளம்பினார், திரும்பினாரா இல்லையா என்பதெல்லாம் அதில் வரும்.

எண் இல்லாமல் வெறும் தகரத்துண்டு கிடைத்தால்? அதற்கும் வழி உண்டு. ஒவ்வொரு பாகத்திலும் வரைபட எண் அடித்திருப்பார்கள். ஸ்பிட்ஃபயரின் மூல வடிவமைப்புக்கு 300 என்று எண். அதனால் பாக எண்கள் 300 என்று தொடங்கும். மார்க் 9 வடிவத்துக்கு 361. காசில் ப்ராமிச் ஆலையில் செய்தது என்றால் 'சிபிஏஎஃப்' என்ற முத்திரை. இதில் ஒரு பொறியும் உண்டு. மாறாத பாகங்களுக்குப் பழைய எண்ணே தொடரும். மார்க் 9 விமானத்திலும் 300 எண் பாகங்கள் ஏராளம். "300 போட்டிருக்கு, அப்ப இது 1940 ஸ்பிட்ஃபயர்தான்" என்று குதிக்கிறவர்கள் இங்கேதான் விழுவார்கள்.

ஆவணமும் கடவுள் வாக்கு இல்லை. பதிவேட்டை எழுதியவர் களைத்துப்போன ஒரு எழுத்தர். எண்ணில் ஒரு இலக்கம் தவறுவது சாதாரணம். விழுந்துபோன விமானத்தின் அடையாள எழுத்தை, அடுத்த வாரம் வந்த புது விமானத்துக்கு எழுதிவிடுவார்கள். ஆகவே ஒரே ஒரு தாளை நம்பி முடிவு கட்டக் கூடாது. அட்டை ஒன்று சொல்லி, பதிவேடும் அதையே சொல்லி, உலோகத்தில் அடித்த எண்ணும் ஒத்துவந்தால் சரி. மூன்றும் ஒத்துவராவிட்டால் காத்திருக்க வேண்டும்.

காத்திருக்காமல் போனால் என்ன ஆகும் என்பதற்கு பர்மா ஸ்பிட்ஃபயர் கதை போதும். போர் முடிகிற நேரத்தில் பெட்டிக்குள் வைத்த புத்தம்புது ஸ்பிட்ஃபயர்களை ரங்கூனில் மிங்கலாடன் விமானத் தளத்தில் மண்ணுக்குள் புதைத்துவிட்டார்கள் என்று ஒரு நம்பிக்கை. டேவிட் கண்டல் என்ற லிங்கன்ஷயர் விவசாயி பல ஆண்டுகள் இதன் பின்னால் அலைந்தார். 2012இல் பிரிட்டிஷ் பிரதமர் வரைக்கும் விஷயம் போனது. வார்கேமிங் என்ற கணினி விளையாட்டு நிறுவனம் பணம் போட்டது. 2013 ஜனவரியில் தோண்டினார்கள். ஒன்றும் இல்லை. அந்தத் துறைமுகம் வழியாக 1945-46இல் வந்த சரக்கைக் கையாண்ட பிரிவின் ஆவணங்களில் மொத்தமே 37 விமானங்கள்தான், அவற்றில் ஸ்பிட்ஃபயர் கிடையாது என்று அந்த நிறுவனமே பிறகு அறிவித்தது. பார்த்ததாகச் சொன்னவர்கள் பொய் சொன்னார்கள் என்று நான் சொல்லவில்லை. ஏதோ பெட்டியை, ஏதோ குழியைப் பார்த்திருக்கலாம். ஆனால் தாளை முதலில் புரட்டிவிட்டு மண்வெட்டியை எடுத்திருந்தால் கதை வேறு மாதிரி இருந்திருக்கும்.

இவ்வளவையும் ஏன் சொல்கிறேன் என்றால், அடையாளம் காண்பதில் இவ்வளவு கறாராக இருக்கிற இதே ஆட்கள், சீரமைப்பு என்று வந்தவுடன் அந்தக் கறாரைக் கொஞ்சம் தளர்த்திவிடுகிறார்கள். என்னுடைய புகார் அதுதான்.

ஹெண்டன்: உடைந்தது உடைந்தபடியே

டபிள்யூ1048 என்ற ஹாலிஃபாக்ஸ், 35ஆம் ஸ்குவாட்ரனைச் சேர்ந்தது. 1942 ஏப்ரல் 27 இரவு, நார்வேயில் ஒளிந்திருந்த ஜெர்மன் போர்க்கப்பல் டிர்பிட்ஸைத் தாக்கப் போனது. குண்டடிபட்டு, உறைந்துகிடந்த ஹோக்லிங்கன் ஏரியின் பனிக்கட்டி மேல் வயிற்றால் இறங்கியது. உள்ளே இருந்த எல்லாரும் உயிரோடு வெளியே வந்தார்கள். மற்றவர்கள் ஸ்வீடனுக்குத் தப்பினார்கள். கணுக்கால் உடைந்த விமானப் பொறியாளர் மட்டும் பிடிபட்டார். பிறகு விமானம் ஏரிக்குள் மூழ்கியது. 1973இல் அதைத் தூக்கிக் கரை சேர்த்தார்கள்.

ஹெண்டனில் அதைப் புதுசாக்கவில்லை. நசுங்கிய தகரம், அரித்துப்போன விளிம்பு, பெயின்ட் போன இடங்கள் எல்லாவற்றோடும் வைத்திருக்கிறார்கள். பளபளவென்று நிற்கும் மற்ற விமானங்களுக்கு நடுவே இது ஒரு பிணம் மாதிரி கிடக்கிறது என்று சிலர் சலித்துக்கொள்வது உண்டு. எனக்கு இதுதான் அந்த அருங்காட்சியகத்தின் துணிச்சலான முடிவு என்று படுகிறது. ஒரு ரிவெட்டைப் பார்த்தால் அது 1942இல் ஒரு தொழிலாளி அடித்த ரிவெட் என்று நம்பலாம். ஆராய்கிறவருக்கு இதைவிட வேறு என்ன வேண்டும்?

ஆனாலும் இதைக் கண்ணை மூடிக்கொண்டு புகழவும் முடியாது. 'உள்ளது உள்ளபடி' என்பதும் ஒரு தேர்வுதான். நாம் பார்ப்பது 1942 ஏப்ரல் 27 இல்லை. அன்றைக்கு அந்த விமானத்துக்கு இவ்வளவு அரிப்பு கிடையாது. நாம் பார்ப்பது 31 வருஷத் தண்ணீரையும் சேர்த்து, 1973இல் கரைக்கு வந்த ஒரு பொருளை. சாதாரணமாகப் பார்க்க வருகிற ஒருவர், போரில் இவ்வளவு நொறுங்கியது என்று நினைத்துக்கொள்வார். உண்மையில் அது ஒரு அருமையான தரையிறக்கம். எல்லாரும் பிழைத்தார்கள். சிதைவைப் பார்த்து மரணத்தை நினைக்கிறோம், ஆனால் இது உயிர் பிழைத்த கதை. அறிவிப்புப் பலகையைப் படிக்காமல் இந்த விமானத்தைப் பார்த்தால் நேர் எதிரான அர்த்தம்தான் கிடைக்கும்.

எல்விங்டன்: கோழிக்கூண்டிலிருந்து எழுந்தது

யார்க்ஷயர் விமான அருங்காட்சியகத்தில் இருப்பது நேர் எதிர். ஸ்காட்லாந்தின் லூயிஸ் தீவில் ஒருவர் எச்ஆர்792 என்ற ஹாலிஃபாக்ஸின் உடற்பகுதித் துண்டைக் கோழிக்கூண்டாக வைத்திருந்தார். 1980களில் அதை வாங்கி வந்தார்கள். இறக்கை டிஜி536 என்ற ஹேஸ்டிங்ஸ் சரக்கு விமானத்தினுடையது. இதை ஏமாற்று என்று சொல்ல முடியாது. ஹேஸ்டிங்ஸும் அதே ஹாண்ட்லி பேஜ் நிறுவனம் கட்டியதுதான், அதன் இறக்கை ஹாலிஃபாக்ஸ் இறக்கையின் வழிவந்தது. பெரியப்பா மகனிடம் வாங்கிய இறக்கை என்று வைத்துக்கொள்ளுங்களேன். மிச்சத்தைப் பல ஆண்டுகள் உழைத்துப் புதிதாகவே செய்தார்கள். 1996 செப்டம்பர் 13, வெள்ளிக்கிழமை அன்று வெளியே தள்ளி வந்து காட்டினார்கள்.

வெள்ளிக்கிழமையும் பதின்மூன்றும் சேர்ந்த நாள் தற்செயல் இல்லை. 158ஆம் ஸ்குவாட்ரனில் எல்வி907 என்று ஒரு ஹாலிஃபாக்ஸ் இருந்தது. அதன் பெயரே 'ஃப்ரைடே த தர்ட்டீன்த்'. அபசகுனம் என்று சொல்வதையெல்லாம் வேண்டுமென்றே மூக்கில் வரைந்து வைத்திருந்தார்கள், தலைகீழான குதிரை லாடம் உட்பட. அப்படிப்பட்ட விமானம் 128 தாக்குதல்களுக்குப் போய்த் திரும்பியது. போர் முடிந்ததும் லண்டன் ஆக்ஸ்ஃபர்ட் தெருவில் காட்சிக்கு வைத்தார்கள். பிறகு உடைத்துவிட்டார்கள். மூக்கில் இருந்த அந்தப் படம் வரைந்த தகடு மட்டும் தப்பி, இப்போது ஹெண்டனில் இருக்கிறது.

எல்விங்டன் விமானத்தின் ஒரு பக்கத்தில் அந்த எல்வி907 வேஷம். மறுபக்கத்தில், போரின்போது எல்விங்டனிலிருந்தே பறந்த 346ஆம் பிரெஞ்சு ஸ்குவாட்ரன் விமானம் ஒன்றின் வேஷம்.

இப்போது கணக்குப் போட்டுப் பாருங்கள். உடம்பு எச்ஆர்792. இறக்கை டிஜி536. பெயர் எல்வி907. உண்மையான எல்வி907இன் மூக்குத் தகடோ வேறு ஊரில். போகிற போக்கில் படம் எடுக்கிறவர் 'இதுதான் 128 முறை போய் வந்த விமானம்' என்றுதான் வீட்டில் போய்ச் சொல்வார்.

இதை வைத்துக்கொண்டு எல்விங்டனைப் போலி என்று ஒதுக்குகிறவர்கள் உண்டு. நான் அந்தக் கட்சி இல்லை. ஏனென்றால் ஹெண்டனால் முடியாத ஒன்றை எல்விங்டன் செய்கிறது. ஏழு பேர் அந்தக் குறுகலுக்குள் எப்படி உட்கார்ந்தார்கள், வால்பக்கத் துப்பாக்கிக்காரர் மற்றவர்களிடமிருந்து எவ்வளவு தூரத்தில் தனியாக இருந்தார், அடிபட்டால் வெளியேறும் வழி எது என்பதெல்லாம் நிமிர்ந்து நிற்கிற முழு விமானத்தில்தான் புரியும். நசுங்கிய சிதைவில் அந்த இடமே இல்லை. அளவையும் அமைப்பையும் சொல்லித்தருவதற்கு இது நல்ல பாடநூல். அந்தத் தன்னார்வலர்களின் கைவேலைக்கு ஒரு பெரிய வணக்கம்.

என் குறை ஒன்றே ஒன்றுதான். எச்ஆர்792க்கு என்ன குறைச்சல்? கோழிக்கூண்டாக இருந்து கோழி வளர்த்து, மறுபடி விமானமானது. இதைவிடச் சுவாரஸ்யமான வாழ்க்கை எல்வி907க்கும் கிடையாது. அந்த எண்ணையே அதன் உடம்பில் எழுதியிருந்தால் எந்தப் பொய்யும் தேவைப்பட்டிருக்காது. புகழ்பெற்ற விமானத்தின் பெயர்தான் கூட்டத்தை இழுக்கும் என்ற எண்ணம் அங்கே ஜெயித்துவிட்டது.

ட்ரெண்டன்: எண்ணும் உடம்பும் ஒன்றே

மூன்றாவது என்ஏ337. 644ஆம் ஸ்குவாட்ரன். 1945 ஏப்ரலில், போர் முடிய ஏறத்தாழ இரண்டு வாரமே இருந்த நேரத்தில், நார்வே எதிர்ப்புப் படைக்குப் பொருட்களைப் போட்டுவிட்டுத் திரும்பும்போது சுடப்பட்டு ம்யோசா ஏரியில் இறங்கியது. ஆறு பேரில் வால்பக்கத் துப்பாக்கிக்காரர் ஒருவர்தான் பிழைத்தார். 1995இல், இருநூறு மீட்டருக்கும் அதிகமான ஆழத்திலிருந்து அதை மேலே கொண்டுவந்தார்கள். கனடாவுக்குக் கொண்டுபோய்ப் பத்து வருஷம் உழைத்து, 2005இல் ட்ரெண்டனில் உள்ள தேசிய விமானப்படை அருங்காட்சியகத்தில் முழு விமானமாக நிறுத்தினார்கள்.

அடையாளம் என்ற அளவுகோலில் இதுதான் முதல் இடம். எண், உடம்பு, பெயர் மூன்றும் ஒரே ஆள். எல்விங்டன் மாதிரி வேஷம் இல்லை. ஆனால் ஹெண்டனோடு பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஒரு சங்கடம். இரண்டும் நார்வே ஏரியிலிருந்து வந்தவை. எல்லாரும் பிழைத்த விமானம் சிதைவாகக் கிடக்கிறது. ஐந்து பேரைப் பலி கொடுத்த விமானம் ஆலையிலிருந்து நேற்று வந்த மாதிரி நிற்கிறது. யாரும் திட்டம் போட்டு இப்படிச் செய்யவில்லை. ஆனால் பார்க்கிறவர் மனசில் இரண்டு விமானங்களும் தங்கள் கதையை மாற்றிச் சொல்லிக்கொண்டிருக்கின்றன.

என்ஏ337ஐச் சீரமைத்தது தவறு என்று நான் சொல்ல மாட்டேன். உலகத்தில் வேறு எங்கும் ஒரு முழு, அசல் ஹாலிஃபாக்ஸ் கிடையாது என்ற நிலையில் அது நியாயமான முடிவு. ஆனால் நிமிர்த்திய தகரம், மாற்றிய தகரம், புதிதாகச் செய்த தகரம் மூன்றும் ஒரே பெயின்ட்டுக்குள் போய்விட்டால், நாளைக்கு ஆராய்கிறவருக்கு எது சாட்சி, எது நிரப்பல் என்று பிரிக்க முடியாது. நம் ஊரில் கோயில் திருப்பணி என்று சுவரில் மணல் வீசிச் சுத்தம் செய்து, கல்வெட்டு எழுத்தையும் சேர்த்துத் தேய்த்துவிட்ட கதை நமக்குத் தெரியாததா? செய்தவர்களுக்குப் பக்திக்குக் குறைவில்லை. எழுத்துதான் போச்சு.

பறக்க வைத்தால்?

தரையில் நிற்கும் விமானத்துக்கே இந்தப் பாடு என்றால், பறக்க வைப்பது இன்னும் சிக்கல். எழுபது எண்பது வருஷம் மணலிலோ தண்ணீரிலோ கிடந்த அலுமினியக் கலவையை நம்பி ஒரு மனிதரை ஆகாயத்துக்கு அனுப்ப முடியாது. சுமை தாங்கும் பாகம் ஒவ்வொன்றுக்கும் சான்று வேண்டும். ஆக, பறக்கிற விமானம் என்றாலே பெரும்பகுதி புதுசு என்று எடுத்துக்கொள்ளலாம்.

பி9374 என்ற ஸ்பிட்ஃபயர் 1940 மே 24 அன்று கலே கடற்கரையில் இறங்கியது. 1980இல் மணலுக்குள்ளிருந்து தலைகாட்டியது. 2011இல் மறுபடி பறந்தது. 2015இல் முப்பது லட்சம் பவுண்டுக்கு மேல் ஏலம் போனது. வாங்கியவர் எதற்குக் காசு கொடுத்தார்? உலோகத்துக்கா? அதே உலோகத்தில், அதே வரைபடத்தை வைத்து, எண் இல்லாமல் ஒன்று செய்து கொடுத்தால் அந்த விலை வராது. விலை அந்த எண்ணுக்கு. ஒரு மே மாதத்து நாளுக்கு. எண்ணுக்குக் காசு என்று ஆனபிறகு, ஒரு தகட்டையும் நாலு பாகத்தையும் வைத்துக்கொண்டு முழு விமானத்துக்கு உரிமை கொண்டாடும் ஆசை எல்லா இடத்திலும் வரத்தான் செய்யும். அடையாளம் காணும் கலை அங்கேதான் கறாராக இருக்க வேண்டும். அங்கேதான் அது சலுகை காட்டவும் தொடங்குகிறது.

இதற்கு ஒரு நல்ல விதிவிலக்கு, நமக்குப் பக்கத்திலிருந்தே போனது. ஆர்4118 என்ற ஹரிகேன். 1940இல் 605ஆம் ஸ்குவாட்ரனோடு பிரிட்டன் வான்போரில் 49 முறை பறந்தது. 1943 டிசம்பரில் இந்தியாவுக்குக் கப்பலேறியது. 1947இல் பனாரஸ் இந்துப் பல்கலைக்கழகத்தின் பொறியியல் மாணவர்களுக்குப் பாடப் பொருளாகப் போனது. பழைய ரோல்ஸ் ராய்ஸ் கார் தேடி வந்த பீட்டர் வாச்சர் என்ற ஆங்கிலேயர் 1982இல் அதை அங்கே பார்த்தார். 2001இல் வாங்கிப் பிரிட்டனுக்கு அனுப்பினார். 2004 டிசம்பரில் பறந்தது.

ஹரிகேனின் கட்டுமானம் வேறு மாதிரி. உள்ளே இரும்புக் குழாய்ச் சட்டம், அதன் மேல் மரச் சட்டங்கள், அதற்கும் மேல் துணி. மரமும் துணியும் எப்படியும் மாற்ற வேண்டியவைதான், போரின்போதே மாற்றினார்கள். சட்டம் உயிரோடு இருந்தால் ஆள் உயிரோடு இருக்கிறார் என்று சொல்ல நியாயம் உண்டு. வாராணசியில் அது துண்டாகச் சிதறாமல் ஒரே விமானமாக நின்றது. அதனால்தான் அதை மிக அசலான ஹரிகேன்களில் ஒன்றாக மதிக்கிறார்கள்.

ஆனால் இந்தக் கதையைச் சொல்கிற விதத்தில் எனக்கு ஒரு மனத்தாங்கல். பிரிட்டனில் அதன் முதல் வாழ்க்கை மூன்றரை வருஷத்துக்கும் குறைவு. இந்தியாவில் ஐம்பத்தேழு வருஷம். இப்போது அதன் மேல் இருக்கும் வண்ணம், அடையாள எழுத்து எல்லாம் 1940. பதிவு எழுத்துகள்கூடப் பழைய 'யூபி-டபிள்யூ' வருகிற மாதிரி 'ஜி-எச்யூபிடபிள்யூ' என்று வாங்கியிருக்கிறார்கள். அந்த ஐம்பத்தேழு வருஷம் கதையில் 'தொலைந்துபோன காலம்' ஆகிவிட்டது. பனாரஸ் வெறும் கண்டெடுத்த இடம். எத்தனையோ மாணவர்கள் அதைச் சுற்றி நின்று, இயந்திரம் என்றால் என்ன என்று கற்றுக்கொண்டிருப்பார்களே, அதுவும் அந்த விமானம் செய்த வேலைதானே?

இது வெறும் தேசப்பற்றுக் குறை இல்லை. அந்தப் போருக்கு இங்கிருந்தும் பணம் போயிருக்கிறது. 79, 234, 264 ஆகிய மூன்று பிரிட்டிஷ் ஸ்குவாட்ரன்கள் 'மெட்ராஸ் பிரசிடென்சி' என்ற பெயரைத் தாங்கியவை, இந்த மாகாணத்திலிருந்து போன நன்கொடைக்கு நன்றியாக. அந்த விமானங்களின் சரித்திரத்தை எழுதுகிறவர்கள் 1940 கோடையோடு நிறுத்திக்கொண்டால், யார் காசில் பறந்தது, பிறகு எங்கே போனது, யார் வைத்திருந்தார்கள் என்ற பாதிக் கதை விழுந்துவிடும். ஆர்4118 பிரிட்டனுக்குத் திரும்பியது சரிதான். வெயிலிலும் மழையிலும் நின்று அழிவதைவிடப் பறப்பது மேல். அது எந்த நாளின் வேஷத்தில் பறக்கிறது என்பதை மட்டும் யாரோ ஒருவர் தேர்ந்தெடுத்திருக்கிறார். அந்தத் தேர்வைத் தேர்வு என்று சொல்லிவிட்டால் எனக்குத் தகராறு இல்லை.

சரி, என்னதான் செய்யணும்ங்கிறீங்க?

டக்ஸ்ஃபர்டில் 2014இல் பறந்த ப்ளென்ஹைம் விமானத்தைப் பாருங்கள். உடம்பு, கனடாவில் கட்டிய போலிங்ப்ரோக். இருமுறை விபத்துக்குள்ளாகி மறுபடி எழுந்த ஒரு முயற்சியின் தொடர்ச்சி. மூக்கு மட்டும் எல்6739 என்ற அசல் ப்ளென்ஹைமினுடையது. அந்த மூக்கைப் போருக்குப் பிறகு ஒருவர் மின்சாரக் காராக மாற்றி ஊருக்குள் ஓட்டிக்கொண்டிருந்தார்! இந்தக் கார் விவகாரத்தை அங்கே யாரும் மறைப்பதில்லை. முதலில் அதைத்தான் சிரித்துக்கொண்டே சொல்கிறார்கள். ஒட்டுப்போட்ட விமானம் என்று தெரிந்ததால் யாருக்கும் ஆர்வம் குறையவில்லை, கூடித்தான் இருக்கிறது. எல்விங்டனுக்கு நான் சொல்ல நினைப்பதும் இதைத்தான்: கோழிக்கூண்டை முன்னால் கொண்டுவாருங்கள்.

என்னைப் பொறுத்தவரை ஒரு சீரமைப்பை மதிப்பிட மூன்று கேள்விகள் போதும். எந்தப் பாகம் எங்கிருந்து வந்தது என்று பார்க்க வருகிறவருக்குச் சொல்லியிருக்கிறார்களா? கழற்றி எறிந்த பழைய பாகங்களை எண் போட்டு எங்காவது வைத்திருக்கிறார்களா? அந்த விமானத்தின் வாழ்க்கையில் எந்த நாளைத் தேர்ந்து காட்டுகிறார்கள், விட்டுவிட்ட நாட்களையும் சொல்கிறார்களா? எத்தனை சதவீதம் அசல் என்ற நான்காவது கேள்வியை நான் கேட்க மாட்டேன். அந்த எண்ணை எடையில் கணக்குப் போடலாம், பாக எண்ணிக்கையில் கணக்குப் போடலாம். எப்படிப் போட்டாலும் வேண்டிய பதிலை வரவழைத்துவிடலாம்.

இந்தக் கேள்விகளோடு பார்த்தால், ஆவணமாக ஹெண்டன் முதல், பாடமாக எல்விங்டன் முதல், அடையாளத்தில் ட்ரெண்டன் முதல். ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு ஹாலிஃபாக்ஸைப் புரிந்துகொள்ள முடியாது. மூன்றும் மூன்று ஊரில் இருப்பதால், ஒன்றைப் பார்க்கிறவருக்கு மற்ற இரண்டும் இருக்கிறது என்றே பெரும்பாலும் தெரியாது. ஹெண்டன் பலகையில் எல்விங்டனைப் பற்றியும், எல்விங்டன் பலகையில் ட்ரெண்டனைப் பற்றியும் இரண்டு வரி எழுதுவதற்கு ஒரு ரிவெட்டைக்கூட மாற்ற வேண்டியதில்லை. பெயின்ட் டப்பாவைத் திறப்பதற்கு முன்னால் செய்திருக்க வேண்டிய வேலை, இப்போது செய்தாலும் தப்பில்லை.